காமினோ நடையில் சைவச் சாப்பாடு: தட்டுக்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்

சைவமாக இருந்துகொண்டே ஸ்பெயினில் காமினோ என்ற பழைய யாத்திரைப் பாதையை நடந்துவிட்டு வந்தோம் என்றால், காலில் கொப்புளம் வந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. "அங்கே என்னத்தைச் சாப்பிட்டீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். சாப்பிட நிறையவே இருந்தது. எது எப்போது திறந்திருக்கும் என்பதுதான் எங்களைப் படுத்தி எடுத்தது. கொண்டைக்கடலையும் பயறும் அன்றாடம் சாப்பிடுகிற நாடு அது. தோட்டத்துக்குத் தோட்டம் தக்காளியும் குடைமிளகாயும் காய்த்துக் கிடக்கும். ஆனால் மாலை நான்கு மணிக்கு ஒரு கிராமத்தில் போய் நின்றால் ஒரு தட்டுச் சூடான சாப்பாடு கிடைக்காது. சமையலறை மூடியிருக்கும், மளிகைக் கடை மூடியிருக்கும், ஊரே தூங்கிக்கொண்டிருக்கும்.

நடந்தது நானும் என் அண்ணியும். பிரான்ஸ் எல்லையில் சான் ழான் பியே த போர் என்ற ஊரில் தொடங்கி, பிரனீஸ் மலையைத் தாண்டி, வடக்கு ஸ்பெயினின் குறுக்கே மேற்கு நோக்கிப் போகும் 'பிரெஞ்சு வழி'. சான்டியாகோ தே கொம்போஸ்தேலா பேராலயம் வரை சுமார் 780 கிலோமீட்டர். நான் முட்டை சாப்பிடுவேன். அண்ணி தொடமாட்டார். அதனால் முட்டை உண்டு, முட்டை இல்லை என்று இரண்டு தரப்புக்கும் இதில் ஏதாவது கிடைக்கும்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டியது ஒன்று உண்டு. எதுவரை சரி? மீன் பொரித்த அதே எண்ணெயில் போட்ட உருளைக்கிழங்கு சரியா? கறி வெந்த சாற்றில் செய்த சூப்? கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைப் போட்டுத் திரித்த பாலாடைக்கட்டி? 25 கிலோமீட்டர் நடந்துவிட்டு, பசியில் கை நடுங்கும்போது, தெரியாத மொழி மெனு அட்டையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் யோசிக்க முடியாது. நாங்கள் பேசி வைத்துக்கொண்டது இதுதான்: கறிச்சாறு இருவருக்கும் கிடையாது, பொரித்த எண்ணெயைப் பற்றி விசாரிப்பதில்லை, பாலாடைக்கட்டியைக் கடையில் வாங்கினால் லேபிள் பார்ப்பது. லேபிளில் வெறுமனே 'குவாஹோ' என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் விலங்கு உறை. கூடவே 'மிக்ரோபியானோ' அல்லது 'பெஹெதால்' என்று இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். உங்கள் கோடு வேறு இடத்தில் இருக்கலாம். எங்கே என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், தகராறு இல்லை.

அப்புறம், 'நான் சைவம்' என்று ஸ்பானிய மொழியில் சொல்வதோடு வேலை முடிந்துவிடாது. கிராமத்து பார்களில் 'கார்னே' என்று சொன்னால் தட்டில் தனியாக வரும் கறித்துண்டுதான் பலருக்கு நினைவில் வருகிறது. ருசிக்குக் கொஞ்சம் போடும் ஹமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை), சோரிசோ (சிவப்புத் தொத்திறைச்சி), டின்னில் வரும் அதூன் (சூரை மீன்) எல்லாம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. 'என்சலாதா மிஸ்தா' என்ற சாதாரணக் கலவை சாலட்டின் உச்சியில் அதூன் உட்கார்ந்திருக்கும். பச்சை பீன்ஸ் கேட்டால் ஹமோன் துண்டுகளோடு வதக்கி வரும். காஸ்தீயா பகுதியின் பூண்டு சூப்பிலும் ஹமோன்தான். எல்லாவற்றையும் மிஞ்சியது 'சான்ட்விச் பெஹெதால்'. பெயரில் காய்கறி, உள்ளே பெரும்பாலும் அதூனும் முட்டையும், சில இடங்களில் ஹமோனும்கூட.

புர்கோஸ் நகரத்துக்கும் லெயோன் நகரத்துக்கும் நடுவே மெசேதா என்ற பொட்டல் சமவெளி. அங்கே ஒரு சின்ன ஊரில், மழையில் நனைந்துபோய் நுழைந்த சாப்பாட்டுக் கடையில் பயறு சூப் இருந்தது. இறைச்சி இல்லாமல் வேண்டும் என்றோம். சமையல்கார அம்மா தலையாட்டினார். ஐந்து நிமிடத்தில் ஆவி பறக்கக் கிண்ணம் வந்தது. மேலே சிவப்பு எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. கரண்டியை விட்டுக் கிளறினால் அடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு சோரிசோத் துண்டு. அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "ஐயோ, ஒன்று தப்பிவிட்டதா!" என்பதுபோல் சிரித்துவிட்டு, கரண்டியால் அதை அழகாக எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தை மறுபடி எங்கள் பக்கம் தள்ளினார். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. "எடுத்துட்டா ஆச்சா? அதுலதானே வெந்துச்சு" என்றார் அண்ணி தமிழில், அவரைப் பார்த்துப் புன்னகைத்தபடியே. அன்றைக்கு ரொட்டியும் தக்காளியும் பொரித்த உருளைக்கிழங்கும்தான்.

அன்றிரவே கைப்பேசியில் ஒரு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டோம். பேசும்போது இப்படி வரும்: "சோய் பெஹெதாரியானா. நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி சோரிசோ, நி பெஸ்காதோ, நி அதூன், நி கல்தோ தே கார்னே." ஆண்கள் 'பெஹெதாரியானோ' என்று முடிக்க வேண்டும். பொருள்: சைவம், இறைச்சி, ஹமோன், சோரிசோ, மீன், அதூன், கறிச்சாறு எதுவும் சாப்பிடுவதில்லை. அண்ணிக்கு 'நி வேவோஸ்' (முட்டையும் இல்லை) கூடுதல். ஸ்பானிய எழுத்தில் பெரிய அளவில் தட்டச்சு செய்து, படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதைவிட, காட்டினால் சமையலறைக்குள்ளேயே கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறார்கள். பொருட்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட பிறகு எங்களுக்கு வந்த தட்டுகளில் துண்டு எதுவும் தட்டுப்படவில்லை.

சிவப்பு எண்ணெயைப் பற்றி ஒரு சேதி. சோரிசோவுக்கு அந்த நிறமும் வாசனையும் தருவது பிமென்தோன் என்ற மிளகாய்ப்பொடி. மிளகாயைப் புகையில் உலர்த்தி அரைக்கும் வகை ஒன்று உண்டு, அதில் அப்படியே புகைக்கறி வாசனை வரும். காய்கறி மட்டும் போட்ட குழம்பிலும் அதைத் தூவுவார்கள். எனவே சிவந்திருந்தாலே சந்தேகப்பட்டு ஒதுக்க வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணி முதலில் அந்த வாசனைக்கே மூக்கைச் சுளித்தார். பிறகு கடையில் சின்ன டப்பா ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவரும் அவர்தான்.

வழிநெடுக உணவகங்களில் 'மெனு தெல் பெரெக்ரீனோ' என்று யாத்ரீகர் சாப்பாடு உண்டு. பெரும்பாலும் 12 முதல் 15 யூரோவுக்குள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு, கூடவே ரொட்டி, தண்ணீர் அல்லது ஒயின். இரண்டாம் தட்டு பெரும்பாலும் பன்றி, கோழி, மீன்தான். இங்கே உதவும் உத்தி 'தோஸ் பிரிமேரோஸ்', அதாவது இரண்டு முதல் தட்டு. முதல் தட்டுப் பட்டியலில்தான் சாலட், தக்காளி சாஸ் போட்ட மக்ரோனி, காய்கறி, சோறு எல்லாம் இருக்கும். இரண்டாவதற்குப் பதில் அதிலேயே இன்னொன்று தரச் சொன்னால் அநேகமாக எல்லா இடத்திலும் ஒப்புக்கொண்டார்கள். (மக்ரோனியிலும் சோரிசோ வரும். மேலே சொன்ன வாக்கியத்தை மறக்காதீர்கள்.) முட்டை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சுலபம். தக்காளி சாஸும் பொரித்த முட்டையும் வைத்த 'அரோஸ் ஆ லா குபானா' சோறு, காளான் போட்ட முட்டைப் பொடிமாஸ், அப்புறம் கத்தரிக்காய், சுரைக்காய் வகையான கலபசீன், குடைமிளகாய் எல்லாம் மசிய வதக்கிய 'பிஸ்தோ'. இந்தப் பிஸ்தோவின் மேல் வழக்கமாக ஒரு முட்டை இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அண்ணி மாதிரி ஆட்களுக்கு ரொட்டியோடு அமிர்தம்.

இனிப்பில் ஃப்ளான், நத்தீயாஸ் இரண்டிலும் முட்டை. முட்டை வேண்டாம் என்பவர்கள் 'அரோஸ் கோன் லெச்சே' கேளுங்கள். அரிசி, பால், சர்க்கரை, பட்டை, எலுமிச்சைத் தோல் போட்டுக் குளிர வைத்த பால் பாயசம் என்றே வைத்துக்கொள்ளலாம். எந்த ஊரில் அந்தப் பெயர் எழுதியிருந்தாலும் அண்ணியின் நடை வேகம் கூடிவிடும்.

காலையில் பார்களில் 'தோர்தீயா' இருக்கும். உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்து அடை கனத்தில் சுட்டது. ஒரு துண்டு சாப்பிட்டால் எனக்கு இரண்டு மணி நேரம் தாங்கும். அண்ணிக்கு தோஸ்தாதா: வாட்டிய ரொட்டியில் துருவிய தக்காளி, ஆலிவ் எண்ணெய், உப்பு. பேக்கரிப் பண்டங்களில் 'மன்தேகா தே செர்தோ' என்று இருக்கிறதா பாருங்கள், பன்றிக் கொழுப்பு அது. 'மன்தெக்கீயா' என்றால் வெண்ணெய். அஸ்தோர்கா ஊரின் பேர்பெற்ற மன்தெகாதாஸ் கேக்கில் வெண்ணெயோடு பன்றிக் கொழுப்பும் சேர்ந்திருக்கலாம், முட்டையும் உண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கும் விற்கும் மன்தெகாதோஸ், போல்வரோனெஸ் இரண்டும் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பில் செய்பவை. பெயர்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பதால் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சரி, கடிகாரத்துக்கு வருவோம்.

ஸ்பெயினில் மதிய உணவு ஒன்றரை, இரண்டு மணிக்குத் தொடங்கும். மூன்றரை, நான்குக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பாரில் காபி கிடைக்கும், பாக்கெட் சிப்ஸ் கிடைக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் ஹமோன் வைத்த ரொட்டி கிடைக்கும். உள்ளூர்க்காரர்கள் இரவு ஒன்பதுக்கு மேல்தான் சாப்பிடுவார்கள். யாத்ரீகர்களுக்காகச் சில இடங்களில் ஏழு மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள். அல்பெர்கே என்ற யாத்ரீகர் விடுதிகள் பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடும். கிராமத்து மளிகைக் கடை மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை மூடல். நடப்பவர்கள் ஊர் போய்ச் சேர்வதோ சரியாக இரண்டு, மூன்று மணிக்கு. குளித்து, துணி துவைத்து நிமிர்ந்தால் ஊர் அடங்கியிருக்கும். அசைவம் சாப்பிடுபவருக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி ரொட்டியாவது மிச்சம். நமக்கு அதுவும் இல்லை.

அதனால் நாங்கள் இரவுச் சாப்பாட்டை நம்புவதை விட்டுவிட்டோம். பெரிய சாப்பாடு மதியத்தில். இரண்டரைக்குள் உணவகம் உள்ள ஊருக்குப் போய்விட முடியும் என்றால் முதுகுப்பையோடே போய் உட்கார்ந்துவிடுவது, குளியல் எல்லாம் பிறகு. முடியாது என்றால், காலை பத்து, பதினொரு மணிக்குக் கடக்கும் ஊரிலேயே ரொட்டியும் தக்காளியும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது. கடை கண்ணில் பட்டால், பசிக்கிறதோ இல்லையோ, உள்ளே நுழைந்துவிட வேண்டும். "அடுத்த ஊர்ல பார்த்துக்கலாம்" என்று என் வாய் தொடங்கினாலே அண்ணி கடைக்குள் போயிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தனிக் கதை. வழியில் உள்ள பெரும்பாலான ஊர்களில் சூப்பர் மார்க்கெட் திறக்காது. சின்னக் கடை ஏதாவது காலையில் கொஞ்ச நேரம் திறந்தால் உண்டு. சனிக்கிழமை மாலையே திங்கள் காலை வரைக்கும் வாங்கிவிடுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 12 போன்ற அரசு விடுமுறை நாட்களும் அப்படியே.

பாதையிலேயே வெறுமையான இடங்கள் உண்டு. முதல் நாள் மலையேற்றத்தில், சுமார் 8 கிலோமீட்டரில் வரும் ஓரிஸோன் விடுதியை விட்டால் ரோன்செஸ்வாயெஸ் வரை ஊர் கிடையாது. முந்தின மாலையே பிரெஞ்சுப் பக்கத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ரோன்செஸ்வாயெஸில் இரவுச் சாப்பாட்டுக்குப் பதிவுசெய்யும்போதே சைவம் என்று சொல்லிவிடுங்கள், மேஜையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் மாற்றித்தர ஒன்றும் இருக்காது. கர்ரியோன் தே லோஸ் கோந்தேஸ் ஊரைத் தாண்டியதும் 17 கிலோமீட்டர் நேர்க்கோட்டுப் பாதை, நடுவில் ஒரு கிராமம்கூட இல்லை.

பையில் எப்போதும் இருந்தவை: பாதாம், உலர்ந்த அத்திப்பழம், வாழைப்பழம், வறுத்த சோளம், 'மெம்ப்ரீயோ' என்ற சீமை மாதுளைப் பழப் பாகுக் கட்டி. இந்தக் கடைசிப் பொருளை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அல்வாத் துண்டு போல இருக்கும், வெயிலில் உருகாது, பாலாடைக்கட்டியோடு ரொட்டியில் வைத்தால் மேடேறத் தெம்பு.

புரதத்துக்குக் கொண்டைக்கடலை. வேகவைத்துக் கண்ணாடி ஜாடியில் அடைத்தது எந்தச் சின்னக் கடையிலும் இருக்கும், விலை ஒரு யூரோவை ஒட்டி. வடித்தால் 400 கிராம் கடலை, இரண்டு பேருக்குத் தாராளம். ஜாடி கனம், சுமக்காதீர்கள். தங்கும் ஊரில் வாங்கி அன்றே முடித்துவிடுங்கள். பயறு வாங்கும்போது கவனம்: 'கோசீதாஸ்' என்று இருந்தால் வெறுமனே வேகவைத்தது, 'ஆ லா ரியோஹானா' என்று இருந்தால் சோரிசோ உள்ளே இருக்கும். மைக்ரோவேவில் ஒரு நிமிடத்தில் சூடாகும் சோற்றுக் கிண்ணமும், அட்டைப் பெட்டியில் வரும் கஸ்பாச்சோ தக்காளிச் சாறும் பலமுறை காப்பாற்றின.

பல அல்பெர்கேக்களில் சமையலறை உண்டு. முன்பு தங்கியவர்கள் விட்டுப்போன உப்பு, எண்ணெய், பாஸ்தா ஒரு அலமாரியில் இருக்கும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். நாஹெராவில் ஒரு மாலை அண்ணி ஆலிவ் எண்ணெயில் பூண்டையும் வெங்காயத்தையும் வதக்கி, கடலையைக் கொட்டி, பிமென்தோனைத் தூவி, கடைசியில் எங்கள் பருப்புப்பொடியையும் ஒரு கரண்டி போட்டுக் கிளறினார். பக்கத்து அடுப்பில் பாஸ்தா வேகவைத்துக்கொண்டிருந்த இத்தாலிக்காரப் பையன் எட்டி எட்டிப் பார்த்தான். "கொஞ்சம் போட்டுக்கப்பா" என்று தமிழிலேயே சொல்லி அண்ணி பொட்டலத்தை நீட்ட, அவன் தன் பாஸ்தாவில் தூவிக்கொண்டான். அன்றிலிருந்து வழியில் எங்கே பார்த்தாலும் 'போதி, போதி' என்று கையாட்டுவான்.

பொடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பருப்புப்பொடி 200 கிராம் போதும், காற்றுப் புகாத இரண்டு பொட்டலமாக. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சிப் பொருளும் பயணிகள் கொண்டுவரக்கூடாது. ஆகவே நெய், பால்கோவா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஊறுகாய் பாட்டில் வேண்டவே வேண்டாம். உடைந்தால் தூங்கும் பை வரைக்கும் எண்ணெய்தான்.

நன்கொடையில் நடக்கும் அல்பெர்கேக்களில் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிடுவார்கள். கிரான்யோனில் தேவாலயத்தோடு ஒட்டியிருக்கும் அல்பெர்கே அதற்குப் பேர்போனது. பெரிய பாத்திரத்தில் எல்லோருக்கும் ஒரே சமையல் என்பதால், போனவுடனே காய் நறுக்க உட்கார்ந்துவிட்டால் உங்கள் பங்கைக் கறி போடும் முன்பே தனியாக எடுத்துவைக்கச் சொல்லலாம். லெயோனைத் தாண்டி ஓஸ்பிதால் தே ஓர்பிகோவில் 'வெர்தே' என்ற அல்பெர்கேயில் இரவுச் சாப்பாடே முழுக்கச் சைவம். அந்த ஊரின் நீண்ட பழைய கல்பாலத்தைப் பார்க்கவாவது அங்கே தங்கலாம்.

போகிற வழியில் சாந்தோ தொமிங்கோ தே லா கல்சாதா பேராலயத்துக்குள் ஒரு கூண்டில் உயிரோடு சேவலும் கோழியும் வளர்க்கிறார்கள். தூக்கிலிடப்பட்ட ஒரு யாத்ரீக இளைஞன் சாகவில்லை என்று பெற்றோர் சொல்ல, "என் தட்டில் இருக்கும் வறுத்த கோழிக்கு உயிர் இருந்தால் அவனுக்கும் இருக்கும்" என்றாராம் நீதிபதி. தட்டிலிருந்த கோழி எழுந்து கூவியதாகக் கதை. எங்களுக்குப் பிடித்த அற்புதம் இதுதான். இன்னொன்றும் உண்டு: இந்தப் பாதைக்கு 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய வழிகாட்டி, ஸ்பெயினின் மீனும் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் வெளியூர்க்காரர்களுக்கு நோய் கொடுக்கும் என்று எச்சரிக்கிறது. அண்ணியிடம் சொன்னபோது, "அப்பவே சொல்லியிருக்காங்க பாரு" என்றார்.

ஓ செப்ரேய்ரோ மலையேறினால் கலீசியா, சான்டியாகோ இருக்கும் பகுதி. அங்கே எங்கும் கிடைக்கும் கீரை சூப் 'கல்தோ கயேகோ' பார்க்கச் சைவம் போலவே இருக்கும், ஆனால் பன்றிக் கொழுப்பில்தான் ருசியேற்றுவார்கள். கேட்காமல் வாங்காதீர்கள். அரசு நடத்தும் அல்பெர்கேக்களில் அடுப்பு இருக்கும், பல இடங்களில் பாத்திரம் இருக்காது. ஒரு இலகுவான அலுமினியக் கிண்ணம் கையில் இருந்தால் சமாளிக்கலாம். இந்தப் பகுதியின் வரம் 'பிமியென்தோஸ் தே பத்ரோன்'. விரல் நீளப் பச்சை மிளகாயை எண்ணெயில் பொரித்துக் கல்லுப்புத் தூவித் தருவார்கள். பெரும்பாலானவை காரமில்லாமல் இருக்கும், நடுவே ஒன்று சுரீர் என்று ஏறும். கடைசி 100 கிலோமீட்டருக்குச் சற்று முன்னால் வரும் சாரியாவிலிருந்து கூட்டம் கூடுகிறது, கடைகளும் கூடுகின்றன, மெனுவில் சைவ பர்கரும் காய்கறிச் சோறும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம்தான் விடுப்பு, சாப்பாட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது என்பவர்கள் சாரியாவிலிருந்து தொடங்கலாம். பொடிப் பொட்டலம்கூட அங்கே கட்டாயமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.